ஓரியனில் கார்பன்-13 தேடி: மலைமேல் ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 16, பிக்கோ வெலெட்டா

ஸ்பெயினின் சியெரா நெவாடா, 2850 மீட்டர் உயரம். பகல் முழுக்கக் காற்று. ரேடியோ தொலைநோக்கியின் 30 மீட்டர் தட்டை அசைக்கவே முடியவில்லை. இருட்டிய பிறகுதான் வழிவிட்டது. முதலில் ஓரியன் வாயு மேகத்தில் கார்பன் மோனாக்சைடு உமிழும் 115.27 கிகாஹெர்ட்ஸ் நிறமாலைக் கோடு. 1970-ல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் மூவரும் விண்வெளியில் இதை முதலில் கண்டதும் ஓரியனில்தான். திரையை நிறைத்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் நான் தேடும் ஐசோடோப்பு விகிதத்துக்கு, அதாவது ஒரு கார்பன்-13 அணுவுக்கு எத்தனை சாதாரண கார்பன்-12 அணுக்கள் என்பதற்கு, இது உதவாது. கூட்டத்தில் முன்வரிசை முகங்கள் மட்டும் தெரிவதுபோல, மேகத்தின் மேற்பரப்பு மட்டுமே தெரிகிறது. இதை, கார்பன்-13 கொண்ட மோனாக்சைடின் கோட்டால் வகுத்தால் 5, 10 என்று வருகிறது. உண்மை விகிதம் அதைவிடப் பல மடங்கு.

ஜனவரி 17

அதனால் அரிய ஜோடிக்கு வந்தோம். ஆக்சிஜன்-18 கொண்ட கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு 109.78 கிகாஹெர்ட்ஸில், அதில் கார்பனும் 13 ஆக இருப்பது 104.71-இல். பின்னது சாதாரண மூலக்கூறில் சுமார் 40,000-க்கு ஒன்று. இரண்டுமே ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்தவை, அதனால் கோட்டின் பரப்பு மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்லும். இரண்டையும் ஒரே ஏற்பியில் ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம் என்பதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. வானிலைப் பிழையோ தட்டு குறி தவறும் பிழையோ, வகுக்கும்போது பெரும்பாலும் அடிபட்டுப்போகும்.

ஜனவரி 18

இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும். குவேசார் என்ற தொலைதூரப் பிரகாசப் புள்ளி ஒன்றைப் பார்த்துத் தட்டின் குறியைச் சரிசெய்வதும் திரும்ப மேகத்துக்கு வருவதுமாகவே இரவு போனது. நள்ளிரவு தாண்டி, மேகத்தின் வேகமான நொடிக்கு 9 கிலோமீட்டரில், பெரிய கோடு இருந்த அதே இடத்தில் சின்ன மேடு எழுந்தது. அது அங்கேயே நின்றதைப் பார்த்து அத்தனை சந்தோஷம்.

ஜனவரி 20, கிரனாடா

கோடுகளுக்கு அடியில் உள்ள பின்னணியை, அதாவது அடிக்கோட்டைக் கழித்துப் பரப்புகளை எடுக்கிறேன். அப்புறம் வேதியியல் சந்தேகம். குளிர்ந்த வாயுவில் கார்பன்-13 அயனி மோனாக்சைடுக்குள் புகுந்துகொள்ளும், விகிதத்தைத் திரித்துவிடும். ஆற்றல் லாபம் 35 கெல்வின்தான், ஆனால் 10 கெல்வின் மேகத்தில் அது பெரிது. ஓரியனின் நடுப்பகுதி சூடானது என்பதால் அங்கே கவலை குறைவு.

சூரியனில் இந்த விகிதம் 89. நம் சுற்றுப்புற மேகங்களில் இன்று சுமார் 68, பால்வெளி மையத்தருகே 20-களில். சூரியன் பிறந்த பிறகான 460 கோடி ஆண்டுகளில் விண்மீன்கள் வாயுவில் எவ்வளவு கார்பன்-13 சேர்த்திருக்கின்றன என்பது இந்த இடைவெளியில் இருக்கிறது. அதற்காகவே இந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

தொலைநோக்கி நேரத்துக்கான அடுத்த விண்ணப்பத்தில் கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த சயனோஜெனையும் கேட்கப்போகிறேன். அதன் கோடு பல கிளைகளாகப் பிரிவதால், மேகத்தின் அடர்த்தி எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதை அந்தக் கிளைகளை வைத்தே கணக்கிடலாம்.