செல்ஃப் எடுத்தது, இன்ஜின் பிடிக்கவில்லை

ஐப்பசி அடைமழை ஓய்ந்த ஒரு காலையில், பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பெட்ரோல் காரின் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றியது. இன்ஜின் மட்டும் பிடிக்கவே இல்லை. நான்கைந்து முறை முயன்ற பிறகே ஒன்று உறைத்தது. இக்னிஷனை ஆன் செய்தவுடன் பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி கேட்கும் மெல்லிய ரீங்காரம் அன்று கேட்கவில்லை. டேங்குக்குள் மூழ்கியிருக்கும் பம்பு, குழாயில் பெட்ரோல் அழுத்தத்தை ஏற்றும் ஓசை அது.

வந்து பார்த்த மெக்கானிக், பம்பு போய்விட்டது, அசெம்ப்ளியை முழுதாக மாற்ற வேண்டும் என்றார். வெளியே தெரிந்த அறிகுறிகள் அதையே சுட்டின என்பதால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆயிரக்கணக்கில் செலவாகும் ஒரு பாகத்தைச் சோதிக்காமல் மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

ஃபியூஸைக் கண்ணால் மட்டும் பார்க்காமல், அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் மல்டிமீட்டரை வைத்தேன், இரண்டிலும் 12.4 வோல்ட் இருந்தது. அடுத்து, கணினியின் ஆணைப்படி பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான பம்பு ரிலேயின் மேல் விரலை வைத்துக்கொண்டு மகனைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். விரலில் 'டக்' என்று ஒரு துடிப்பு, இரண்டு விநாடி கழித்து இன்னொன்று. காரின் கணினி பம்பை ஓட்டச் சொல்லி ஆணை அனுப்புகிறது என்பது இதனால் உறுதியானது. இன்ஜின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் கெட்டிருந்தாலும் இன்ஜின் பிடிக்காதுதான். ஆனால் அப்போதும் அந்த முதல் இரண்டு விநாடி ரீங்காரம் கேட்டிருக்க வேண்டும். ரிலேயின் உள்முனை கருகியிருந்தாலும் துடிப்பு வரும் என்பதால், அதே எண் கொண்ட ஹாரன் ரிலேயைக் கழற்றி அங்கே பொருத்தினேன், மாற்றமில்லை. ரிலே சாக்கெட்டில் மின்சாரம் வரும் 30, பம்புக்குப் போகும் 87 ஆகிய முனைகளை ஃபியூஸ் பொருத்திய ஒரு வயரால் இணைத்தும் பம்பு ஓடவில்லை. ஆகவே கோளாறு ரிலேயைத் தாண்டித்தான் இருக்க வேண்டும்.

பின்சீட்டைத் தூக்கி, கதவுகளையெல்லாம் திறந்து வைத்து, பெட்ரோல் குழாயைத் தொடாமல் பம்பின் மின் கப்ளரை மட்டும் கழற்றினேன். மகன் ரிலே பெட்டியில் அந்த வயரைச் செருகியதும், கப்ளரின் இரு முனைகளுக்கிடையே மீட்டர் 12.3 வோல்ட் காட்டியது. பம்பு வரைக்கும் மின்சாரம் வருகிறது, பம்பு ஓடவில்லை, எனவே பம்புதான் பழுது என்று இந்த இடத்தில் நானும் முடிவு செய்ய இருந்தேன்.

ஆனால் மல்டிமீட்டர் கரண்டை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. துருவின் ஊடே கசிந்து வரும் மின்சாரமே அதற்கு 12 வோல்ட் காட்டப் போதும். பம்புக்கோ நான்கைந்து ஆம்பியர் வேண்டும். எனவே 1.75 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைக் கப்ளரின் இரு முனைகளில் மாட்டினேன். டேங்குக்கு மேலே ஒரு பொறிகூடப் பறந்துவிடக் கூடாது என்பதால், பல்பை மாட்டிய பிறகே ரிலே பெட்டியில் வயரைச் செருகச் சொன்னேன். பல்பின் இழை அணையப்போகும் ஊதுவத்தி நுனியைப்போல் மங்கிய சிவப்பாகக் கனன்றது; மீட்டர் 3 வோல்ட்டுக்கு இறங்கியது. வயரை எடுக்கச் சொல்லி, பல்பின் ஒரு முனையைப் பாசிட்டிவிலேயே விட்டுவிட்டு, மறுமுனையைச் சீட்டுக்கு அடியில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டோடு இணைத்து மீண்டும் கொடுத்தபோது, பல்பு கண் கூசும்படி எரிந்தது. பாசிட்டிவ் வழி சரியாக இருக்கிறது, மின்சாரம் காரின் பாடி வழியே பேட்டரிக்குத் திரும்பும் எர்த் வழியில்தான் பழுது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இரண்டு வாரமாகப் பெட்ரோல் முள் காரணமின்றி இறங்கி ஏறியதும் அப்போதுதான் விளங்கியது. இந்தக் காரில் பம்புக்கும் அளவுமானிக்கும் ஒரே எர்த் வயர். முள் ஆடத் தொடங்கிய அன்றே நான் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

கறுப்பு வயரைப் பின்தொடர்ந்தால், அது இடப்பக்கப் பின்கதவில் ஏறும்போது கால் வைக்கும் படிக்கு அடியில் போய் முடிந்தது. கார்ப்பெட் ஈரமாக இருந்தது. வயரைப் பாடியோடு சேர்க்கும் லக்கின் மேல் வெளிறிய பச்சைப் பொடி பூத்திருந்தது. போல்ட்டைச் சுற்றித் துரு அடையடையாக உரிந்தது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கறுத்துப்போன வயரைச் செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டினேன். பிறகு புது லக்கை அழுத்திப் பொருத்தி, பாடியை உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கிய பின் கிரீஸ் பூசினேன். பேட்டரியையும் ரிலேயையும் கப்ளரையும் மீண்டும் மாட்டிச் சாவியைத் திருப்பியதும் ரீங்காரம் கேட்டது. அடுத்த திருப்பில் இன்ஜின் பிடித்தது. பம்பு ஓடும்போதே எர்த் வழியில் இழக்கப்படும் மின்னழுத்தத்தை அளந்தேன்: 0.08 வோல்ட். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தாலே போதுமானது.

தண்ணீர் எப்படி உள்ளே வந்தது என்ற கேள்வி மிச்சமிருந்தது. கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளில் வேப்பஞ்சருகும் சேறும் இறுகியிருந்தன. கம்பியால் குத்தியதும், கதவுக்குள் தேங்கியிருந்த மழைநீர் ஒரு சொம்பு அளவுக்குக் காலடியில் கொட்டியது.