450 குதிரைக்குத் தீனி: வீராவில் எரிபொருள் சிஸ்டம் மாற்றிய அனுபவம்

புரோட்டோன் வீராவுக்குள் மிட்சுபிஷி லான்சர் இவோ 3-இன் 4ஜி63 டர்போ எஞ்சினை இறக்குவது மலேசியாவில் பழைய சங்கதி. வீராவும் அந்தத் தலைமுறை லான்சரும் ஒரே அடித்தளம், ஹாஃப்-கட் (எஞ்சினோடு வெட்டியெடுத்த காரின் முன்பாதி) கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. என் காரும் கிராண்டில் (பதிவுச் சான்றில்) எஞ்சின் மாற்றம் ஏறி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய டர்போ போட்டு 450 குதிரைத்திறனைத் தொட ஆசைப்பட்டேன். அதனால் டாங்கி முதல், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பங்கிடும் ரெயில் குழாய் வரை எல்லாவற்றையும் பிரிக்க வேண்டி வந்தது.

கிள்ளானில் என் காரைப் பார்க்கும் ஃபோர்மேன் அண்ணன், ஸ்பேனரைத் தொடும் முன்பே கணக்குப் போட வைத்தார். டர்போ எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.27 கிலோ பெட்ரோல் குடிக்கும். 450-க்கு 122 கிலோ, அதாவது ஏறக்குறைய 165 லிட்டர். பெட்ரோலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டருக்குப் பங்கிட்டால் தலைக்கு நிமிடத்துக்கு 690 சிசி. முழு வேகத்திலும் 80 சதவீதத்துக்குள் இன்ஜெக்டர் வேலை செய்ய வேண்டும் என்றால் 860 சிசி. இவோவோடு வந்தது 510 சிசிதான். 1000 சிசி செட் வாங்கினோம். பழையவை லோ இம்பீடன்ஸ் (மின்தடை குறைவு), புதியவை ஹை இம்பீடன்ஸ் என்பதால் இடையிலிருந்த ரெசிஸ்டர் பெட்டியையும் கழற்றியாயிற்று.

பம்ப்புக்கு வால்ப்ரோ 450. பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு குறைந்த அழுத்தத்துக்கானது. பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் 3 பார், அதன்மேல் டர்போ தள்ளும் காற்றின் அழுத்தமான பூஸ்ட் 1.6 பார், ஆகப் பம்ப் 4.6 பாரை எதிர்த்துத் தள்ள வேண்டும். அந்த அழுத்தத்தில் அளவு நன்றாகவே இறங்கும், ஆனாலும் நமக்குத் தாராளம்.

தாராளம் என்பது கரண்ட் ஒழுங்காகப் போனால்தான். இந்த இடத்தில்தான் அண்ணன் பிடிவாதக்காரர். எஞ்சினை ஓடவிட்டு மீட்டர் வைத்தார். பேட்டரியில் 14.1 வோல்ட், பம்ப் முனையில் 11.6. வீராவின் மெல்லிய ஒயர் சின்ன பம்ப்புக்காகப் போட்டது, இதுவோ பூஸ்டில் பதினைந்து ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வோல்ட் குறைந்தால் பம்ப் சுற்றும் வேகம் குறையும், பெட்ரோல் குறையும், அதுவும் சரியாக எஞ்சினுக்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகத் தடித்த கேபிள் நேராக இழுத்தோம். எர்த்தும் புதிது. பழைய ஒயர் இப்போது ரிலேயை எழுப்ப மட்டும். மறுபடி அளந்தபோது 13.7. இத்தனை வேலையிலும் மிக மலிவானது இதுதான். பம்ப் சரியில்லை என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான்.

அடுத்து ரெகுலேட்டர். வேக்யூம் ஹோஸைக் கழற்றிவிட்டு 3 பார் வைக்கப் பார்த்தால் முள் 3.7-க்குக் கீழே இறங்க மறுத்தது. ரெகுலேட்டரில் குறையில்லை. பழைய ரிட்டர்ன் குழாய் ஒல்லி, பெரிய பம்ப் ஐட்லிங்கில் தள்ளும் பெட்ரோல் திரும்பிப் போக வழியில்லை. ரிட்டர்னை ஏஎன்-6 அளவும், எஞ்சினுக்குப் போகும் ஃபீடை அதைவிடப் பெரிய ஏஎன்-8 அளவும் கொண்ட டெஃப்லான் ஹோஸாக மாற்றியதும் முள் சொன்ன இடத்தில் நின்றது. பம்ப்பைவிட ஹோஸுக்கும் ஃபிட்டிங்குக்கும்தான் வெள்ளி (ரிங்கிட்) அதிகம் போயிற்று என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சிப்பாங் பந்தய சர்க்யூட்டின் முதல் வளைவு வலப்பக்கம் நீண்டு சுருங்கிக்கொண்டே போகும். டாங்கி பாதிக்குக் கீழே இருந்தால் பெட்ரோல் முழுக்க இடப்புறம் ஒதுங்கிவிடும், பம்ப் காற்றை உறிஞ்சும். அதற்காகப் பூட்டில் (பின்புறச் சாமான் அறையில்) இரண்டு லிட்டர் சர்ஜ் டாங்கி, எப்போதும் நிரம்பியே இருக்கும் சின்னத் துணை டாங்கி. இவோவின் பழைய பம்ப் அதை நிரப்பும், வால்ப்ரோ 450 அதற்குள்ளிருந்து தள்ளும், மிச்சம் டாங்கிக்குத் திரும்பும். பூட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே அலுமினியத் தகடு அடித்து இடுக்கெல்லாம் அடைத்தோம். தீயணைப்பானும் உண்டு.

கடைசியில் டியூனிங். இன்ஜெக்டரோடு வந்த தாளிலிருந்த டெட் டைம் (இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் தாமதம்) எண்களை வோல்ட் வாரியாக எஞ்சின் கணினியான இசியுவில் ஏற்றினோம், ஐட்லிங் சீராகிவிட்டது. ரெயிலில் பிரஷர் சென்சரும் உண்டு. ரெயில் அழுத்தத்துக்கும் பூஸ்டுக்கும் உள்ள வித்தியாசம் 2.6 பாருக்குக் கீழே போனால் இசியு உடனே எஞ்சினை வெட்டிவிடும். சிப்பாங்கில் ஓட்டியபோது பதிவான லாகில் அந்தக் கோடு 2.9-க்குக் கீழே இறங்கவில்லை. பம்ப் இரைச்சல்தான் பாக்கி. சர்ஜ் டாங்கிக்கு அடியில் ரப்பர் புஷ் வைக்கப் போகிறோம்.