புனித வாரமும் இரண்டு பிள்ளைகளும்

மார்ச் 29, 2026. குருத்து ஞாயிறு

மூத்தவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்றரை. ஈஸ்டருக்கு முந்தைய இந்தப் புனித வாரத்தை முழுதாக அவர்களோடு சேர்ந்து வாழ்ந்து பார்ப்பது என்று நானும் இவரும் முடிவு செய்திருக்கிறோம்.

பூசையில் மத்தேயு எழுதிய பாடுகளின் வரலாறு, அதாவது இயேசு துன்பப்பட்டு இறந்த கதை. பெரியவர்களுக்கே கால் வலிக்கிற நீளம். சேவல் கூவும் இடம் வருவதற்குள் சின்னவன் குருத்தோலையை நார் நாராகக் கிழித்து முடித்திருந்தான். நான் தடுக்கவில்லை. கைக்கு வேலை இருந்தால்தான் அவன் காது கொஞ்சமாவது திறந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு அகலத் தட்டில் மண்ணைப் பரப்பித் தோட்டம் போட்டோம். சின்ன மண்குவளையைச் சாய்த்துப் பாதி புதைத்தால் கல்லறை. வாசலை மூட உருண்டைக் கல்லைத் தேடித் தேர்ந்தெடுத்தவள் மூத்தவள். சுற்றிலும் கடுகு தூவித் தண்ணீர் தெளித்தாயிற்று. இன்று விதைத்தால் அடுத்த ஞாயிறுக்குள் பச்சை பிடித்துவிடும்.

மார்ச் 31. செவ்வாய்

தோழி ஒருத்தி கேட்டாள்: "இந்த வயசுப் பிள்ளைங்ககிட்ட ஆணி, முள்முடி எல்லாம் எதுக்குடி? முட்டை, முயல்னு சந்தோஷமா முடிச்சிரு."

அவள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வெள்ளிக்கிழமையைச் சொல்லாமல் விட்டால் ஞாயிற்றுக்கிழமை எதற்காக இவ்வளவு மகிழ்ச்சி என்று பிள்ளைக்கு எப்படி விளங்கும்? எவ்வளவு சொல்வது என்பதில்தான் கவனம் வேண்டும். சின்னவனுக்கு மூன்று வரி போதும்: இயேசு இறந்துபோனார், நண்பர்கள் அழுதார்கள், மூன்றாம் நாள் உயிரோடு வந்தார். மூத்தவளுக்கு, மரண தண்டனை விதித்த ஆளுநர் பிலாத்து வரை போகலாம். சாட்டையும் ரத்தமும் அவளுக்கும் வேண்டாம். எங்கே தொடங்கினாலும் அதே இருப்பில் உயிர்ப்பு வரை சொல்லி முடித்துவிட வேண்டும். சிலுவையில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போகச் சொல்லக் கூடாது.

வேறு இரண்டு விஷயங்களிலும் நான் கண்டிப்பு. "நீ செய்த சேட்டையால்தான் இயேசுவுக்கு வலித்தது" என்று ஒரு குழந்தையிடம் சொல்லவே கூடாது. "யூதர்கள் கொன்றார்கள்" என்றும் சொல்லக் கூடாது. இயேசு யூதர், அவர் தாய் மரியாள் யூதப் பெண், முதன்மைச் சீடர் பேதுருவும் யூதர். அந்தப் பழியை ஒரு இனத்தின்மேல் சுமத்தக் கூடாது என்று உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இலேயே எழுதி வைத்திருக்கிறது. பிள்ளைகள் முதல்முறை கேட்கும்போதே சரியாகக் கேட்கட்டும்.

ஏப்ரல் 2. பெரிய வியாழன்

இறப்பதற்கு முந்தைய இரவு இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து, மாலைப் பூசைக்கு முன்னால் வீட்டிலேயே பாதம் கழுவினோம். இவர் தரையில் உட்கார்ந்து சின்னவனின் காலைப் பேசினுக்குள் வைத்து, ஒவ்வொரு விரல் இடுக்காகத் தேய்த்தார். கூச்சத்தில் அவன் நெளிந்தான். மூத்தவள் முறை வந்ததும், "வேணாம்பா, நான் உங்களுக்குக் கழுவுறேன்" என்றாள். பேதுருவும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார் என்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

கோயிலில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாட்டைப் பாடும்போது மணி அடித்ததோடு சரி. இனி சனி இரவு அதே பாடல் வரும்வரை மணி கிடையாது. இந்த மௌனம் சின்னவனை ரொம்பப் பாதித்துவிட்டது. "மணிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

திரும்பும் வழியில் நிலா. இன்று பௌர்ணமி. "கிறிஸ்துமஸ் எப்பவும் 25-ஆம் தேதிதானே, ஈஸ்டர் மட்டும் ஏன் மாறுது?" என்று மூத்தவள் கேட்டதற்குப் பதில் மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவு, அதற்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால் மார்ச் 22-க்கு முன்னாலும் வராது, ஏப்ரல் 25-க்குப் பின்னாலும் போகாது. இயேசு இறந்தது, எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை யூதர்கள் நினைக்கும் பாஸ்கா விழாவையொட்டி. அது முழுநிலவுக் காலத்து விழா. எல்லாரும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்று 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் முடிவெடுத்தார்கள். இதில் பாதிதான் அவளுக்குப் புரிந்திருக்கும். ஆனால் "இயேசுவும் இதே நிலாவைப் பார்த்தாரா?" என்று கேட்டாள். ஆமாம் கண்ணு, இதே நிலாதான்.

ஏப்ரல் 3. பெரிய வெள்ளி

பீடத்தில் துணி இல்லை, பூ இல்லை. அர்ச்சித்த அப்பத்தை வைக்கும் நற்கருணைப் பேழை காலியாகத் திறந்து கிடந்தது. "வீட்டைக் காலி பண்ணிட்டாங்களா?" என்றான் சின்னவன். சிலுவையை முத்தமிட வரிசையில் நின்றபோதுதான் மூத்தவள் என் சேலையைப் பிடித்து இழுத்து மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ தாத்தாவும் மூணாவது நாள் எழுந்து வந்தாராம்மா?"

என் அப்பா இறந்தது போன வருடம். அந்த மூன்றாம் நாளை அவள் தனக்குள் எண்ணிப் பார்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மடியில் உட்கார வைத்துப் பேசினேன். தாத்தா வரவில்லை, அவர் உடம்பு கல்லறையில்தான் இருக்கிறது என்று நேராகச் சொன்னேன். 'தூங்குகிறார்' என்று சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால் சில பிள்ளைகள் தூங்கவே பயப்படும். இயேசு முதலில் எழுந்தார், ஒருநாள் நம் எல்லாரையும் எழுப்புவார், தாத்தாவையும் எழுப்புவார் என்று நம்புகிறோம், அதற்காகத்தான் இந்த விழா என்றேன். எப்போது என்றாள். அம்மாவுக்குத் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தாத்தா கண்ணாடி நம்ம அலமாரியிலதானே இருக்கு? பத்திரமா வைங்க" என்றாள்.

நான் படித்த மறைக்கல்வி எல்லாம் இந்த ஒரு கேள்விக்குத் தயார் செய்யத்தான் என்று தோன்றுகிறது. விசுவாசப் பிரமாணத்தில் 'உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்' என்று வாராவாரம் சொல்கிறோம். கண்ணாடி வரை நினைத்து நம்பியவள் இவள்தான்.

ஏப்ரல் 4. சனி

காலையில் முட்டைக்குச் சாயம். வெங்காயச் சருகை நிறையப் போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டி, கொஞ்சம் வினிகர் விட்டால் செம்பழுப்பு ஏறும். வினிகர் பட்டதும் ஓட்டின்மேல் பொடிக் குமிழிகள் கிளம்புவதை இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டு பார்த்தன; ஓட்டிலுள்ள சுண்ணாம்பு அமிலத்தில் கரைகிறது. முட்டை எதற்கு என்று கேட்டால் கதை எளிது. ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தவக்காலம் முழுவதும் முட்டை சாப்பிட மாட்டார்கள். கோழிக்கு நோன்பு இல்லையே, அது இட்டுக்கொண்டே இருக்கும். சேர்ந்த முட்டையெல்லாம் ஈஸ்டருக்கு வெளியே வரும். கிரேக்கம், ரஷ்யா பக்கத்துக் கீழைத் திருச்சபையினர் பலர் சிவப்புச் சாயம் ஏற்றுவது இயேசுவின் ரத்தத்தை நினைத்து. அவர்களுக்கு இந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் 12.

மதியம் இருவரையும் தூங்க வைத்தேன். சிறு பிள்ளைகளோடு பாஸ்கா இரவுக்கு, அதாவது சனி இரவின் உயிர்ப்புப் பூசைக்குப் போகிறவர்கள் இதை மட்டும் விடவே வேண்டாம்.

இரவு, கோயில் வாசலில் புது நெருப்பு. பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுவர்த்தியில் சிலுவை, முதலும் முடிவும் இயேசுவே என்று சொல்லும் அகரமும் னகரமும், ஐந்து சாம்பிராணி மணிகள், நான்கு மூலைகளிலும் ஆண்டின் இலக்கங்கள். மூத்தவள் உரக்கப் படித்தாள்: "ரெண்டு, சைபர், ரெண்டு, ஆறு... இது இந்த வருசம்மா!" அந்த ஒரு திரியிலிருந்து வரிசை வரிசையாகச் சுடர் பரவி எங்களிடம் வந்தது. மெழுகு கையில் சொட்டாமல் இருக்க அட்டை வளையம் மாட்டியிருந்தேன். சின்னவன் செங்கடலைக் கடக்கும் வாசகம் வரை தாக்குப்பிடித்தான். பிறகு என் தோளில் உறக்கம். 'உன்னதங்களிலே' தொடங்கி எல்லா மணிகளும் ஒரே நேரத்தில் அடித்தபோது திடுக்கிட்டு விழித்து, "மணிக்குச் சரியாயிடுச்சு!" என்று கத்தினான். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஏப்ரல் 5. உயிர்ப்பு ஞாயிறு

தட்டில் கடுகு முளைத்து, ஒவ்வொரு தண்டிலும் இதய வடிவில் இரண்டு இலை. கல் தள்ளியிருந்தது, உள்ளே மடித்த வெள்ளைத் துணி மட்டும். வானதூதர் கல்லைப் புரட்டி அதன்மேல் உட்கார்ந்தார் என்று இரவு வாசித்ததை அரைத்தூக்கத்தில் எப்படிக் கேட்டானோ, சின்னவன் ஓடிப்போய் ஒரு பொம்மையை எடுத்து வந்து கல்மேல் உட்கார வைத்தான்.

முட்டை தேடலில் அவனுடையவை அவன் முட்டி உயரத்தில், அவளுடையவை எட்டிப் பிடிக்கும் உயரத்தில். மிட்டாய் முட்டைகளில் சின்னவை எதையும் அவன் பங்கில் வைக்கவில்லை, தொண்டையில் சிக்கும்.

ஏப்ரல் 10. வெள்ளி

ஈஸ்டர் ஒரு நாளோடு முடிவதில்லை. மே 24-இல் தூய ஆவி சீடர்கள்மேல் இறங்கியதை நினைக்கும் பெந்தெகொஸ்தே வரை ஐம்பது நாள். நாற்பது நாள் நோன்பிருந்துவிட்டு மகிழ்ச்சியை ஒரே மதியத்தில் முடித்துவிடுவது நியாயமில்லை.

இன்றைய நற்செய்தி யோவான் 21: உயிர்த்த இயேசு கரையில் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, சீடர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். வலையில் 153 பெரிய மீன்கள். சிலுவையையும் கல்லறையையும் விட இதுதான் பிள்ளைகளுக்குப் பிடித்த காட்சி என்று இப்போது சொல்வேன். செத்துப் பிழைத்தவர் கரையில் நின்று முதலில் கேட்டது "சாப்பிட ஏதாவது கிடைத்ததா" என்றுதானே!

153 மீனையும் வரைந்தே தீருவது என்று மூத்தவள் காகிதமும் கத்தரியுமாக உட்கார்ந்திருக்கிறாள். வண்ணம் அடிப்பது சின்னவன் பொறுப்பு. மே 24-க்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம்.