ஓரியூர் செம்மணலில் தம்பியோடு ஒரு பகல்

பாம்பனில் பிறந்து வளர்ந்த எங்கள் குடும்பத்திற்கு, புனித அருளானந்தர் கொல்லப்பட்ட ஓரியூர்த் திருத்தலத்துக்குப் பயணம் ஆண்டுதோறும் தவறாதது. பிப்ரவரி 4ஆம் நாள் புனித அருளானந்தர் திருவிழா முடிந்து, கூட்டம் வடிந்த பிறகு வரும் சனிக்கிழமையில் புறப்பட வேண்டும் என்பது அம்மா ஏற்படுத்திய வழக்கம். திருவிழாவன்று போனால் தேரைப் பார்க்கலாம், சாமியிடம் பேச முடியாது என்பார். அவர் மறைந்த பின் நான் தனியாகவே போய்வந்தேன். இவ்வாண்டு என் தம்பி தானாகவே, "நானும் வருகிறேன் அக்கா" என்றபோது எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. அவன் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு இராமநாதபுரத்தில் ஒரு பெந்தகோஸ்து சபையில் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

அவன் போனதற்கு வேத ஆராய்ச்சி முதற்காரணம் அன்று. எங்கள் அப்பா மதுரையில் ஒரு மருத்துவமனையில் இருபத்து மூன்று நாட்கள் கிடந்தார். எங்கள் பங்குக் கோவிலிலிருந்து ஒருவரும் வரவில்லை. வேறொரு நோயாளியைப் பார்க்க வந்த அந்தச் சபையின் பாஸ்டர், யார் எவர் என்று கேட்காமல், ஒவ்வொரு மாலையும் அப்பாவின் கட்டிலருகே முழந்தாளிட்டு செபித்துவிட்டுப் போனார். அப்பா இறந்து உடலை ஊருக்குக் கொண்டுவந்த அன்று, ஊர்வரி பாக்கி இருக்கிறது என்று சொல்லி அடக்கத்தை மாலை வரை நிறுத்தி வைத்தார்கள். கையில் பணத்தைப் பிடித்துக்கொண்டு கோவில் வாசலில் நின்ற தம்பியின் முகம் இன்றும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அடுத்த சில மாதங்களில் அவன் கடலில் இறங்கி மறுபடி ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டான். அவன்மீது நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை.

பேருந்து பாம்பன் பாலத்தைக் கடந்தபோது அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். வாதாடுவதற்காகக் கேட்கவில்லை, பல ஆண்டுகளாக உள்ளே வைத்திருந்த கேள்வி என்பது குரலில் தெரிந்தது. "அவ்வளவையும் என்னோடு சேர்ந்து பார்த்தாயே அக்கா, பிறகும் நீ ஏன் அங்கேயே இருக்கிறாய்?"

உடனே சொல்வதற்கு ஒற்றை விடை என்னிடம் இருக்கவில்லை. மண்டபம் தாண்டி வேதாளை வந்தபோது, சன்னல் வழியே அந்தக் கரையைக் காட்டினேன். 1549இல் அந்தோனியோ கிரிமினாலி என்னும் இயேசு சபை (கத்தோலிக்கத் துறவற சபை) குரு இந்த மணலில் கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் இரத்தசாட்சி அவர். படைகள் வந்தபோது பெண்களையும் குழந்தைகளையும் தோணிகளில் ஏற்றி அனுப்பிய அவருக்கும் ஏறிக்கொள்ள வாய்ப்பு இருந்தது. மக்கள் கரையில் மீதமிருக்கிறார்கள் என்று அவர் நின்றுவிட்டார். இயேசு சபைக் குருவான புனித பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கடற்கரைக்கு வந்த 1542க்குப் பிறகு ஏழே ஆண்டுகளில் நடந்தது இது. "நம் பாட்டன் பூட்டனுக்கு விசுவாசம் இப்படி நின்றுவிட்ட ஆட்கள் வழியாக வந்தது தம்பி. அப்பாவின் அடக்கத்தை நிறுத்தியவர்கள் வழியாக வரவில்லை" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

இதே கேள்வியை இந்தக் கடல் ஏற்கெனவே ஒருமுறை சந்தித்திருக்கிறது என்பதை நம் மக்களில் பலர் அறியமாட்டார்கள். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியையும் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள். கோவில்களைத் தங்கள் வசமாக்கினார்கள். பால்தேயுஸ் போன்ற தங்கள் போதகர்களைக் கொண்டு கடற்கரையின் பரதவ மக்களைத் தங்கள் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைக்கு அழைத்தார்கள். கடல் வாணிபம் டச்சுக்காரர் கையில் இருந்த காலத்தில் அவர்கள் சபையில் சேர்வதால் இழப்பு ஏதுமில்லை, ஆதாயமே உண்டு. ஆனாலும் மக்கள் போகவில்லை. குருக்கள் மறைவாக வந்து பூசை வைக்கும் நாளுக்காகக் காத்திருந்தார்கள். எதிர்க்கரையான இலங்கையில் நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. அங்கே குருக்கள் ஒருவரும் இல்லாமற்போயிருந்த நிலையில், 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் அடிகளார் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில் கப்பலேறி யாழ்ப்பாணம் போய், வீடு வீடாக, இரவு இரவாக, திருப்பலி நிறைவேற்றி அந்தச் சபையை உயிர்ப்பித்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அந்த மக்களுக்கு அன்றைய பூசையின் இலத்தீன் ஒரு வரிகூடப் புரிந்திருக்காது. டச்சுப் போதகர்களோ மக்களின் மொழியில் பிரசங்கம் கேட்கச் செய்ய முயன்றவர்கள். அப்படியிருந்தும் எதற்காகக் காத்திருந்தார்கள் என்பதை நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். பிரசங்கத்தில் கிடைக்காத ஒன்று பூசையில் கிடைத்தது என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

இராமநாதபுரத்தில் பேருந்து மாறி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம், உப்பூர் என்று கடந்து தொண்டியில் இறங்கினோம். அங்கிருந்து ஓரியூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. பாம்பாறு வறண்டு கிடந்தது. வெள்ளைக் கோவில் முகப்பைப் பார்த்ததும் தம்பி செருப்பைக் கழற்றினான். சின்ன வயதுப் பழக்கம் அவனைக் கேளாமலே காலுக்கு வந்தது.

அருளானந்தர் வாழ்க்கையை நாங்கள் மறைக்கல்வியில் படித்ததுதான். ஆயினும் அன்று அவனோடு நடந்தபோது அதில் ஒரு செய்தி புதிதாக என்னைத் தொட்டது. ஜான் தே பிரிட்டோ 1647இல் லிஸ்பனில் பிறந்தவர், அரசவையில் வளர்ந்த பிள்ளை. சிறுவயதில் சாகக் கிடந்தபோது அவருடைய தாய் புனித சவேரியாரிடம் மன்றாடி, பிள்ளை பிழைத்தால் ஓராண்டு இயேசு சபையாரின் அங்கியை அவனுக்கு உடுத்துவதாக நேர்ந்துகொண்டார். நம் பெண்கள் வேளாங்கண்ணிக்குப் பிள்ளைகளுக்குக் காவி கட்டுகிறார்களே, அதே நேர்ச்சை. பிழைத்த பிள்ளை வளர்ந்து, சவேரியார் வந்த இதே நாட்டுக்கு வந்து, பண்டாரசாமிகளைப் போல் காவியுடுத்தி, மரக்கறி உண்டு, அருளானந்தசாமி என்ற பெயரோடு மறவர் சீமையில் நடந்தார். 1686இல் பிடிபட்டுச் சித்திரவதைக்குள்ளாகி விடுதலையானார். லிஸ்பனுக்குப் போனபோது போர்ச்சுகல் அரசர் இரண்டாம் பெட்ரோ அங்கேயே தங்கச் சொல்லியும் கேளாமல் 1690இல் திரும்பினார். நோய் நீங்கிக் கிறிஸ்தவரான மறவர் சீமை இளவரசர் தடியத்தேவர் தம் மனைவியருள் ஒருவரைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மறவர் சீமையின் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவினர். அந்த வழக்கு அருளானந்தரை ஓரியூரில் கொண்டுவந்து நிறுத்தியது. சிறையிலிருந்து, கரியைத் தண்ணீரில் குழைத்து, துரும்பை எழுதுகோலாக்கித் தம் மேலாளருக்குக் கடிதம் எழுதினார். 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டது. அன்று தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன்.

அந்தச் செம்மணல் மேட்டில் நாங்கள் நின்றபோது, காளையார்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு முதிய பெண்மணி, நெற்றியில் குங்குமத்தோடு, குனிந்து மணலை ஒரு சிட்டிகை எடுத்துத் தன் மருமகளின் வயிற்றில் சேலைக்கு மேலாகத் தடவிக்கொண்டிருந்தார். மணல் மஞ்சள் கலந்த சிவப்பாக, மாவைப் போல நுண்மையாக இருந்தது. விரல் ரேகைகளில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் போகவில்லை. தம்பி என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "இறந்தவரிடம் ஏன் கேட்க வேண்டும் அக்கா? கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவர் கிறிஸ்து ஒருவரே என்று பவுல் சொல்லவில்லையா?"

சொல்லியிருக்கிறார். திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதம், இரண்டாம் அதிகாரம், ஐந்தாம் வசனம். அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில், எல்லாருக்காகவும் மன்றாடுங்கள், பரிந்துபேசுங்கள் என்று அவரே கேட்டுக்கொள்கிறார். ஒருவருக்காக ஒருவர் மன்றாடுவது அந்த ஒரே நடுவருக்குக் குறைவு என்று பவுல் நினைக்கவில்லை. "உன் பாஸ்டர் அப்பாவுக்காகச் செபித்தாரே, அது கிறிஸ்துவை ஒதுக்கிவிட்டா? அவரிடம் போய் நின்றுதானே செபித்தார்? அருளானந்தர் இறந்துவிட்டதால் அவர் செபம் நின்றுவிட்டது என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஆண்டவரிடம் போனவர் நம்மைவிட உயிரோடு இருக்கிறார் என்றுதானே நாம் இருவரும் நம்புகிறோம்?" என்றேன். சிலைகளையும் மணலையும் பற்றி நம் மக்கள் எல்லை மீறுவதுண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் லிஸ்பனில் ஒரு தாய் சவேரியாரிடம் கேட்காமல் இருந்திருந்தால் ஓரியூர் என்ற பெயரே எனக்குத் தெரிந்திருக்காது.

அவனிடமிருந்து நான் கற்றுக்கொண்டதையும் சொல்ல வேண்டும். வேதப் புத்தகத்தை நாள்தோறும் திறக்கும் பழக்கம் எனக்கு அவன் சபைக்குப் போன பிறகுதான் வந்தது. அவன் கேட்கும் கேள்விகளுக்காகத் திறந்தேன். பின்னர் என் பசிக்காகத் திறந்தேன். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த புராட்டஸ்டண்ட் போதகர் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுத் தந்ததற்குத் தமிழ்க் கிறிஸ்தவர் யாவரும் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

பகல் திருப்பலிக்கு மணி அடித்தது. தம்பி கடைசி வரிசையில் தூணோரம் உட்கார்ந்துகொண்டான். அவனுடைய சபையில் மாதம் ஒருமுறை அப்பமும் சிறு குவளைகளில் திராட்சரசமும் தருகிறார்கள். அது கிறிஸ்துவின் மரணத்தை நினைவுகூர்வது என்று போதிக்கிறார்கள். 1529இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் புராட்டஸ்டண்ட் தலைவர்களான லூத்தரும் சுவிங்கிலியும் கூடிப் பேசியபோது இந்த ஒரு செய்தியில்தான் உடன்பாடு இல்லாமல் பிரிந்தார்கள்: "இது என் உடல்" என்பதை லூத்தர் விட்டுக்கொடுக்க மறுத்தார். யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், தம் சதையை உண்ண வேண்டும் என்று இயேசு சொன்னதைக் கேட்டுப் பல சீடர்கள் விலகிப் போகிறார்கள். உவமையாகச் சொன்னேன் என்று அவர் அவர்களைத் திருப்பி அழைக்கவில்லை. நீங்களும் போய்விட நினைக்கிறீர்களா என்று பன்னிருவரிடம் கேட்கிறார். யாரிடம் போவோம் என்று பேதுரு திருப்பிக் கேட்கிறார். பேருந்தில் தம்பி கேட்டதற்கு என்னிடம் இருந்த விடை பேதுருவின் அந்தக் கேள்விதான்.

குருவானவர் இளையவர், கை சற்று நடுங்கியது. "கிறிஸ்துவின் உடல்" என்று அவர் சொல்ல, "ஆமென்" என்று நான் கைகளை ஏந்தினேன். என் வலக்கை விரல்களில் இன்னும் செம்மணல் ஒட்டியிருந்தது. வெள்ளை அப்பத்தின் ஓரத்தில் அந்தச் சிவப்பு ஒரு நூலளவு பட்டது. மணலோடு உட்கொண்டேன். நாவில் நறநறத்தது.

வெளியே வேப்பமரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தபோது, அடக்கத்தை நிறுத்தியவர்களின் கையிலிருந்து எப்படி வாங்குகிறாய் என்று தம்பி கேட்டான். நேர்மையான கேள்வி. பழங்காலத் திருச்சபையில், வட ஆப்பிரிக்காவில் பிரிந்து நின்ற தோனாத்து கூட்டத்தார் இதையே கேட்டார்கள். கொடுப்பவர் தூயவராக இல்லையென்றால் திருமுழுக்கு போன்ற அருளடையாளம் செல்லாது என்றார்கள். யார் கை திருமுழுக்குக் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே என்று புனித அகுஸ்தினார் அவர்களுக்கு மறுமொழி கூறினார். எங்கள் சபையில் இன்னும் சாதி இருக்கிறது, பணக்கணக்கு இருக்கிறது, வர வேண்டிய வேளையில் வராத மேய்ப்பர்கள் இருக்கிறார்கள். இவற்றைக் கண்டு எனக்கு வலிக்காத நாள் இல்லை. அந்த வலியோடுதான் கை ஏந்துகிறேன். அவர்கள் தங்களுடையதைத் தந்திருந்தால் நானும் அன்றே எழுந்து போயிருப்பேன். அவர்கள் தங்களுக்குச் சொந்தமில்லாத ஒன்றைத் தருகிறார்கள் என்று அவனிடம் சொன்னேன்.

அவன் சோற்றைப் பிசைந்தபடி நெடுநேரம் இருந்தான். பிறகு, "அந்த பாஸ்டர் செபித்தபோது அப்பா கண் திறந்து பார்த்தார் அக்கா" என்றான். எனக்குத் தெரியும், அது கடவுளின் செயல்தான் என்றேன். அந்த மனிதருக்காக நான் ஒவ்வொரு நாளும் செபமாலையில் ஒரு மணி சொல்லிவருவதையும் அன்றுதான் அவனிடம் சொன்னேன்.

புறப்படுமுன் அப்பாவின் நினைவுப் பூசைக்கு எழுதிக்கொடுக்கத் திருத்தல அலுவலகத்திற்குப் போனேன். தம்பியின் வேதாகமத்தில் அறுபத்தாறு நூல்கள். என்னுடையதில் எழுபத்து மூன்று. அவனுடையதில் இல்லாத மக்கபேயர் இரண்டாம் நூலில், போரில் இறந்த தன் வீரர்களின் பாவம் நீங்கும்படி யூதப் படைத்தலைவர் யூதா காணிக்கை திரட்டி எருசலேமுக்குப் பலி ஒப்புக்கொடுக்க அனுப்புகிறார். அந்தப் பக்கத்தை நான் விரல் வைத்துக் காட்டியபோது அவன் வாங்கி, நின்றபடியே வாசித்தான். மறுப்பும் சொல்லவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. புத்தகத்தை மூடி என்னிடம் தந்தான்.

நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவர் அப்பாவின் பெயரை எழுதிவிட்டு, இறந்த தேதியைக் கேட்டார். மாதம் நினைவிருந்தது, நாள் எனக்குச் சட்டென்று வரவில்லை. எனக்குப் பின்னால் வாசற்படியில் நின்றிருந்த தம்பி, தேதியையும் கிழமையையும் விடியற்காலை மணியையும் சேர்த்துச் சொன்னான்.