ஊட்டிக் குளிரில் ஸ்டார்ட்டர் ஒயர் கருகாமல் இருக்க

நாங்கள் வேலை பார்த்தது ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஐ.எஸ்.ஜி.யும் (ஸ்டார்ட்டராகவும் ஜெனரேட்டராகவும் வேலை செய்யும் மோட்டார்) சேர்ந்திருக்கும் 12 வோல்ட் மைல்டு ஹைபிரிட் காரில். டொயோட்டா வகை முழு ஹைபிரிடில் தனி ஸ்டார்ட்டர் கிடையாது. அங்கே உயர் வோல்ட் ஓடும் ஆரஞ்சு நிற கேபிள் பக்கம் கையே போகக்கூடாது.

மோட்டார் பம்புசெட் பெட்டியில் இருக்கும் ஓவர்லோடு ரிலேயை ஸ்டார்ட்டர் ஒயரைக் காக்கப் போடலாமே என்று தோன்றும்; ஒத்துவராது. அது நிமிடக்கணக்கில் ஓடும் மோட்டாருக்கானது. ஸ்டார்ட்டர் ஓரிரு நொடியில் நூறு ஆம்பியருக்கு மேல் இழுத்துவிட்டு நின்றுவிடும். கருகுவது பெரும்பாலும் தடித்த கேபிள் அல்ல, சாலினாய்டுக்கு (ஸ்டார்ட்டருக்குக் கரண்டைச் சேர்க்கும் காந்த சுவிட்ச்) போகும் மெல்லிய ஒயர்தான். சாலினாய்டில் இரண்டு காயில்: இழுக்கும் காயில், பிடித்துவைக்கும் காயில். மெயின் கான்டாக்ட் சேர்ந்ததும் இழுக்கும் காயிலில் கரண்ட் நின்றுவிடும். உறைபனி விழும் ஜனவரிக் காலையில் பேட்டரி சோர்ந்திருந்தால் கான்டாக்ட் சேர்ந்து நிற்காது. டக் டக்கென்று அடித்துக்கொண்டே இரண்டு காயிலும் கரண்டைக் குடிக்கும்.

அதனால் முதல் வேலை மல்டிமீட்டர். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. அதே நேரம் பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பாடிக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் டெர்மினலைச் சுரண்டி, இறுக்கி, வாசலின் தடவ வேண்டும். குன்னூர் ஈரத்தில் பச்சை பூப்பது அங்கேதான். பாதிக் கார்களுக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

மீதிக்கு 20 ஆம்பியர் மேனுவல் ரீசெட் தெர்மல் பிரேக்கர்: கரண்ட் அதிகமானால் சூடாகித் துண்டிக்கும், கையால்தான் மறுபடி சேர்க்க வேண்டும். நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டர் ரிலேயில் கரண்ட் வெளியேறும் 87-ஆம் பின்னுக்கும் சாலினாய்டுக்கும் நடுவே, 4 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரில், கிரிம்ப் லக் போட்டு மாட்டினோம். கம்பெனி ஃபியூஸ் அப்படியே இருக்கட்டும். ஆட்டோ ரீசெட் வாங்காதீர்கள். ஆறியதும் தானே சேர்ந்து மறுபடி சூடாக்கும்.

பிரேக்கரை முதலில் எக்ஸாஸ்ட் பக்கம் வைத்தது தவறு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்து வண்டியை நிறுத்தினால், அந்தச் சூட்டிலேயே காரணமின்றி ட்ரிப் ஆனது. ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள்ளே உட்காரும் இடத்துக்கும் நடுவேயுள்ள தகடு) ஓரம் மாற்றியபின் சரியானது.

ஒன்றை இந்தப் பிரேக்கர் தடுக்காது. ரிலே கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் பிடித்துவைக்கும் காயில் மட்டும் சுமார் 10 ஆம்பியர்தான் எடுக்கும்; பிரேக்கர் அசையாது, ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது 10 எம்.எம். ஸ்பேனரால் நெகட்டிவைக் கழற்றுவதுதான் வழி. ஸ்பேனர் டேஷ்போர்டிலேயே கிடக்கட்டும். வாரன்டி உள்ள வண்டியில் ஒயரை வெட்டும் முன் யோசித்துக்கொள்ளுங்கள்.