அடுப்படி அலமாரியும் ஆடிக்காத்தும்

ஜூலை 19, 2025, சனி

அடுப்படி அலமாரிக் கதவு எட்டையும் கழட்டியாச்சு. ஆசாரி அண்ணன் ஆடி முடியட்டும்மாங்கிறாரு, எனக்கு லீவே இந்த ரெண்டு வாரம்தான், சரி நாமளே பாத்துக்கலாம்னு இறங்கிட்டேன். அம்மா திண்ணையில உக்காந்து "பாத்துடி, எல்லாம் பர்மா தேக்கு, உங்க தாத்தா நாகப்பட்டினம் போயி வண்டி கட்டி எடுத்துட்டு வந்தது"ன்னு காலையிலேருந்து நாலு தடவை சொல்லிட்டாங்க. கீல் ஸ்க்ரூ எல்லாம் பச்சை பெயின்ட்ல முங்கி கிடக்கு, தலையில உள்ள காடியை ஆணியால சுரண்டுனப்புறம்தான் திருப்புளியே பிடிச்சுது. எது எந்த இடத்துக்குன்னு தெரியணுமேன்னு கதவு பின்னாடி சாக்பீஸ்ல 1, 2ன்னு நம்பர் போட்டு வச்சேன். பெரிய புத்திசாலின்னு நெனப்பு.

ஜூலை 20

இன்னைக்கு பூரா பிசுக்கு எடுக்குறதுதான். அடுப்புக்கு மேல இருந்த ரெண்டு கதவுல கைய வச்சா ஒட்டிக்குது, நாப்பது வருஷ தாளிப்பு. இதை எடுக்காம தேச்சா உப்புத்தாள் உடனே அடைச்சுக்கும், பிசுக்கும் மரத்துக்குள்ள இறங்கிடும், அப்புறம் எத்தனை கோட்டு வார்னிஷ் அடிச்சாலும் அங்க மட்டும் திட்டு திட்டா நிக்கும். வெந்நீர், பாத்திர சோப்பு, தேங்காநார், மூணு ரவுண்டு. கழுவி சாத்தி வச்சப்புறம்தான் பாத்தேன், சாக்பீஸ் நம்பர் ஒண்ணு கூட இல்ல.

ஜூலை 22

80 நம்பர் உப்புத்தாள் (நம்பர் ஏற ஏற நைசு) போட்டு அரைக் கதவு தேச்சிருப்பேன், திரும்பிப் பாத்தா எங்க அண்ணன் பொண்ணு தரையில கொட்டுன பச்சைத் தூள்ல விரலால பூனை வரைஞ்சுகிட்டு இருக்கா. பகீர்னு ஆயிடுச்சு. 2017 நவம்பர்லேருந்துதான் வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்க்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக்கூடாதுன்னு சட்டம், இது அப்பா என் பள்ளிக்கூட காலத்துல அடிச்சது, உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும். குழந்தைய கை கால் கழுவி பக்கத்து வீட்டுக்கு அனுப்பிட்டு தரையை ஈரத்துணியால தொடச்சேன், விளக்குமாறு எடுத்தா தூள் பறக்கும். இனிமே காஞ்ச தேய்ப்பு கிடையாது. பெயின்ட் ரிமூவர் தடவி ஊறவிட்டு பட்டி பிளேடால வழிக்கணும், மிச்சத்துக்கு வாட்டர் பேப்பர், தண்ணி தொட்டுத் தொட்டு.

ஜூலை 25

பெயின்ட் போச்சு, கூடவே அம்மா பெருமையும் போச்சு. ஆறு கதவு தேக்குதான், தேய்க்கும்போதே அந்த எண்ணெய் வாசனை வருது. மீதி ரெண்டு மஞ்சளா பளிச்சுன்னு நிக்குது. பலா! அம்மா நம்பவே இல்ல, மூக்குக் கண்ணாடி போட்டுகிட்டு வந்து தடவிப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டாங்க, ராத்திரி சாப்பாடும் சரியில்ல. நானும் வாயை வச்சுகிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஜூலை 27

ஆசாரி அண்ணன் இந்தப் பக்கம் போறப்ப எட்டிப் பாத்தாரு. "பலான்னா மட்டமாம்மா? தஞ்சாவூர்ல வீணைக்கு இதத்தானே குடையுறாங்க"ன்னாரு, அம்மா முகத்துல அப்பதான் வெளிச்சம். கலரைச் சேத்துவிட ஸ்டெயின் அடிக்கலாமான்னு கேட்டேன், வேணாம், நாளாக நாளாக மஞ்சள் தானா கருத்து பழுப்பாயிடும்னாரு. அப்புறம் என் வேலையைப் பாத்து ஒரு பெருமூச்சு. மர ரேகைக்கு குறுக்க தேச்சு வச்சிருக்கேன், இப்ப தெரியாது, வார்னிஷ் விழுந்தா ஒவ்வொரு கீறலும் எந்திரிச்சு நிக்குமாம். திரும்ப 120, அப்புறம் 220, ரேகை போற வாக்குலயே. தோள்பட்டை கழண்டுடுச்சு.

ஜூலை 29

ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்பாங்க, தூசி பறக்காதா? தேக்குல எண்ணெய் ஜாஸ்தி, அதனால தின்னர்ல துணி நனைச்சு தொடச்சுட்டு முத கோட்டு வார்னிஷ் கொஞ்சம் தண்ணியா கலந்து அடிச்சு முத்தத்துல வச்சேன். ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தா தெரு மண்ணு, வைக்கோல் துரும்பு, ஒரு முழு கொசு.

ஜூலை 31

நல்லா காயவிட்டு 320ல லேசா தடவி எல்லாத்தையும் எடுத்தேன். இந்த தடவை ராத்திரி ஒம்பது மணிக்கு, உள்ரூம்ல, தரையில தண்ணி தெளிச்சு தூசியை அடக்கிட்டு, ஃபேன ஆஃப் பண்ணிட்டு. வேர்வை கதவுல சொட்டாம இருக்க தலையில துண்டு கட்டிகிட்டு அடிச்சேன். காலையில தொட்டுப் பாத்தா வழவழன்னு இருந்துச்சு.

ஆகஸ்ட் 3

பதினெட்டாம் பெருக்கு. வேலை இல்ல. அரசலாத்துல கூட்டமோ கூட்டம், புளிசாதம், காதோலை கருகமணி.

ஆகஸ்ட் 6

நம்பர் அழிஞ்சதுக்கு இன்னைக்குத்தான் தண்டனை. எட்டுக் கதவையும் எட்டு வாசல்லயும் மாத்தி மாத்தி வச்சு, கீல் வெட்டு எங்க பொருந்துதுன்னு பாத்து மாட்டவே மதியம் ஆயிடுச்சு. ஸ்க்ரூ ஓட்டை லூசான இடத்துல மருந்தைக் கிள்ளிட்டு தீக்குச்சியை ஃபெவிகால்ல தோச்சு அடிச்சு இறுக்கினேன். அம்மா போன்ல அத்தைகிட்ட "ஆறு பர்மா தேக்கு, ரெண்டு வீணை மரம்"னு சொல்லிட்டு இருக்காங்க. அந்த வீணை மரத்துல ஒண்ணு மட்டும் மூடும்போது ஒரு நூல் இடிக்குது. இப்ப இழைப்புளி வைக்காதீங்க, ஐப்பசி மழைக்கு எவ்வளவு ஊதுதுன்னு பாத்துட்டு செதுக்கிக்கலாம்ங்கிறாரு ஆசாரி அண்ணன்.