மூன்று அம்மன் பௌர்ணமியும் தாது வருஷக் கால்வாயும்

பௌர்ணமியன்று ஒரே நாளில் மூன்று அம்மன் தரிசனம்: காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயரட்சைக்குத் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் விழுந்தால் கூட்டம் இரட்டிப்பு. கும்மிடிப்பூண்டி ரயிலில் மீஞ்சூரில் இறங்கி, ஏறுமுன்னே ஆட்டோக் கூலியைப் பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கென்றே ஒரு ரேட் முளைக்கும்.

மூன்றும் முடியும்வரை வாயில் பச்சைத் தண்ணீர் படாதவர்கள் உண்டு. அந்த வெறும் வயிற்றோடு, மீஞ்சூரிலிருந்து திரும்பும் ரயிலில் எண்ணூர்ப் பக்கம் ஜன்னலோரம் பாருங்கள். கறுத்துக் கிடப்பது பக்கிங்காம் கால்வாய். 1806-ல் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி தொடங்கி, சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டியது. தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த சுமார் 8 கிலோமீட்டரை வெட்டியவர்கள், பசிக்கு மண் சுமந்தவர்கள். ஆளுநர் பக்கிங்காமின் பெயர் வந்ததும் அப்போதுதான். 1877 தொடக்கத்தில் நிவாரண வேலைக் கூலியை ஆணுக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு தானியம், ஓரணா என்று குறைத்தார்கள். அரைக் கிலோகூட இல்லை. மண் வெட்டுகிற உடம்புக்கு எந்த மூலைக்கு?

கிருஷ்ணைக் கரையில் கதை வேறு. 1833 குண்டூர்ப் பஞ்சத்தில் செத்துச் செத்துப் பாடம் படித்து, 1855-ல் விஜயவாடாவில் அணைக்கட்டு முடிந்தது. அந்த டெல்டா தாது வருஷத்தைத் தாங்கியது. பின்னால் பக்கிங்காம் கால்வாய் கிருஷ்ணா வாய்க்கால்களோடு சேர, நெல்லும் விறகும் படகில் சென்னைக்கு வந்தன. முகத்துவார மணல், 1965–66 புயல்கள், நம் சாக்கடை எல்லாம் சேர்ந்து அதைத் தூர்த்துவிட்டன. ஆனாலும் கிருஷ்ணை நம்மை விடவில்லை. 1996 முதல் ஆந்திராவின் கண்டலேறு அணை வழியாகப் பூண்டிக்கு வருகிறாள். பூண்டி ஏரி கொசஸ்தலையாற்றில்தான். நகரத்துக் குழாயில் அவள் பங்கும் உண்டு.

திருவொற்றியூரில் பூக்கடைக்காரர் செருப்பைக் காட்டிக் கூடையைத் திணிப்பார், கண்டுகொள்ளாதீர்கள். கம்பி வரிசையில் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொள்ளுங்கள். தெற்குப் பார்த்த சந்நிதி. "நகருங்க, நகருங்க" என்று முதுகில் கை வைப்பார்கள். அதற்குள் உச்சிக்காலக் கற்பூரம் ஏறும். முதலில் மூக்குத்தி, அப்புறம் கன்னம், அப்புறம் அந்தச் சிரிப்பு. கேட்க நினைத்தது எதுவும் நாக்கில் வராது. தாயே, படியளப்பவளே! ஸ்டான்லியை இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஊர் இது. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய இடம் அல்லவா! இந்த மண்ணில் அடுப்பு எரிவதே உன் கருணை, அம்மா.

முல்லைவாயிலுக்குப் பேசின் பிரிட்ஜில் ரயில் மாறுங்கள், சாயரட்சை காத்திருக்காது.